வெள்ளம் வடிந்துவிட்டது, இனி விவசாயிகளுக்கு எப்படி உதவுவது?

கரையோரம் எழுதியது:

வணக்கம். நாங்கள் பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழு, பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் புயல் அடித்தது, அடுத்த நாளே ஆறு உடைத்துக்கொண்டது. பக்கத்து ஊர்களில் வயல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. முதல் பத்து நாள் சாப்பாடு, போர்வை, மருந்து என்று ஓடினோம். அதை நிறையப் பேர் செய்தார்கள், நன்றாகவே நடந்தது. இப்போது வண்டிகள் வருவது நின்றுவிட்டது.

நேற்று ஒரு பெரியவரின் வயலுக்குப் போயிருந்தேன். முழங்கால் உயரத்துக்கு மணல். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, வரப்பு எங்கே இருந்தது என்று காலால் தடவித் தேடிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, நாற்பது குடும்பங்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு மூட்டை உரம் வாங்கும் அளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்ய ஆள் இருக்கிறோம். விதையும் உரமும் மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் விவசாயம் தெரியாது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது?

ஏர்முனை எழுதியது:

தம்பி, உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்பதே நல்ல விஷயம். நான் இரண்டு வெள்ளம் பார்த்தவன், இரண்டிலும் என் நிலம் முழுகியது.

முதலில் ஒன்று கேளுங்கள்: அடுத்த விதைப்பு எப்போது? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் மேட்டு நிலத்துக்காரருக்கு ஒரு தேதி, பள்ளத்து நிலத்துக்காரருக்கு வேறு தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் வரும் உதவிதான் உதவி. என் முதல் வெள்ளத்தில் ஒரு அமைப்பு நல்ல மனசோடு விதை கொண்டுவந்தது, விதைப்புப் பருவம் முடிந்து மூன்று வாரம் கழித்து. வீட்டில் வைத்திருந்தோம், முளைப்பு போய்விட்டது. அந்தப் பணத்தில் பாதியை உழவுக் கூலியாக அப்போதே கொடுத்திருந்தால் ஒரு போகம் தப்பியிருக்கும். ஒரு போகம் போனால் அந்த வருமானம் மட்டும் போவதில்லை, வட்டிக்கு வாங்க வேண்டி வருகிறது, மாட்டை விற்க வேண்டி வருகிறது, அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்க ஒன்றும் இருப்பதில்லை. விவசாயியை முறிப்பது பல சமயம் வெள்ளம் இல்லை, வெள்ளத்துக்கு அப்புறம் வரும் அந்த ஆறு மாசம்தான்.

மணல் விஷயம். எவ்வளவு ஆழம் என்று பல இடங்களில் குச்சி நட்டு அளந்துவிடுங்கள். தோராயமாக 5 சென்டிமீட்டர் வரை என்றால் சாதாரண உழவிலேயே மண்ணோடு கலந்துவிடும். 15, 20 சென்டிமீட்டர் வரை ஆழ உழுது அடிமண்ணோடு கலக்கலாம். அதற்கு மேல் போனால் பரப்பிவிட வேண்டும் அல்லது வாரி அப்புறப்படுத்த வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும், கையால் முடிகிற வேலை இல்லை. நீங்கள் சொன்ன பெரியவர் வயல் அந்த ரகம். பத்துப் பேர் மண்வெட்டியோடு போய் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு மூலைதான் முடியும், உங்களுக்கும் சோர்வு, அவருக்கும் சங்கடம். பணத்தை இயந்திர வாடகைக்கு வையுங்கள், ஆள்பலத்தை வாய்க்கால் தூர் எடுக்க வையுங்கள். ஒரு வடிகால் வாய்க்காலைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் இருபது வயல் மூச்சு விடும்.

இன்னொன்று, ஈரம் காயாத நிலத்தில் டிராக்டரை இறக்க விடாதீர்கள். அவசரம் எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் சேறாக இருக்கும்போது கனமான வண்டி ஓடினால் அடிமண் இறுகிப்போய் இரண்டு மூன்று வருஷத்துக்கு வேர் இறங்காது. ஒரு கை மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள், திரி மாதிரி நீண்டால் இன்னும் காயவில்லை, உதிர்ந்தால் இறக்கலாம். (சேற்று உழவு செய்து நடும் நெல் வயலுக்கு இது பொருந்தாது, மற்ற பயிர் நிலங்களுக்குச் சொல்கிறேன்.)

சமமாகப் பிரிப்பது பற்றி: குத்தகைக்கு உழுகிறவர்களை விட்டுவிடாதீர்கள். நிவாரணம் பெரும்பாலும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது, பயிர் போட்டுக் கடன் வாங்கினவர் வெறுங்கையோடு நிற்பார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு நிலமே இல்லை, ஆனால் அவர்களுக்கும் அந்தப் போகம்தான் வருமானம். வாய்க்கால் வேலைக்கு அவர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், இரண்டு பக்கமும் பயன்.

நிலாமுற்றம் எழுதியது:

ஏர்முனை ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனாலும் விதை கொடுப்பதில் என்ன தப்பு என்று புரியவில்லை. எல்லாம் அடித்துக்கொண்டு போன பிறகு விதைக்கு எங்கே போவார்கள்? நல்ல கம்பெனி விதையாக வாங்கிப் பருவத்துக்கு முன்னாலேயே கொடுத்தால் போதாதா?

விதைக்கூடை எழுதியது:

நிலாமுற்றம், உங்கள் கேள்வி நியாயமானது, நிவாரண வேலைக்கு வருகிற எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். பல வருஷம் இந்த வேலையில் இருந்த பிறகு சொல்கிறேன், பேரிடருக்கு அப்புறம் பெரும்பாலும் விதை எங்காவது இருக்கத்தான் செய்கிறது. மேட்டுப் பக்கத்து ஊரில், சந்தையில், உறவுக்காரர் வீட்டில். இல்லாமல் போவது அதை வாங்கும் காசு. இந்த வித்தியாசத்தை நாம் கவனிக்காமல் வெளியிலிருந்து லாரி லாரியாக விதை இறக்கினால் இரண்டு கெடுதல். அந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத ரகம் வந்து சேரும், பக்கத்தில் விதை விற்றுப் பிழைக்கிற சின்ன வியாபாரியும் விதைக்காக நெல் வைத்திருந்த விவசாயியும் விற்க முடியாமல் படுத்துவிடுவார்கள்.

இதற்காகத்தான் 2000 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் விதைச் சந்தை என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு விதைக்குப் பதிலாக ஒரு சீட்டு கொடுப்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் சுற்றுவட்டாரத்தில் விதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் கடை போடுவார்கள். விவசாயி சீட்டைக் கொடுத்து, தனக்கு வேண்டிய ரகத்தை, வேண்டிய அளவில் எடுத்துக்கொள்வார். பெண்கள் பெரும்பாலும் ஒரே பயிரில் எல்லாவற்றையும் போடாமல் கொஞ்சம் பயறு, கொஞ்சம் காய்கறி என்று எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன், வீட்டுக்கு முதலில் சாப்பாடு வருவது அதிலிருந்துதான். நாற்பது குடும்பத்துக்கு இதை நடத்த ஒரு சனிக்கிழமை போதும்.

விதையே நிஜமாக இல்லாமல் போகிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்தபோது நெல் நடவுக்குச் சில வாரங்களே இருந்தன, எடுத்து வைத்த விதை இடிந்த வீடுகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அங்கே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு விதையும் கொடுத்தது, தானியம் வைக்கக் காற்றுப் புகாத பைகளும் கொடுத்தது. அந்தப் பை எனக்குப் பிடித்த உதவி, வீடு இல்லாதபோது மழைக்காலத்தில் தானியத்தை எங்கே வைப்பது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். ஆக, வாங்குவதற்கு முன் சந்தைக்கு ஒரு நடை போய் விதை இருக்கிறதா, விலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விதை எதுவானாலும் கொடுப்பதற்கு முன் முளைப்புச் சோதனை. நூறு விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, முளைத்ததை எண்ணுங்கள். வெள்ளத்தில் நனைந்து காய்ந்த விதை பார்க்க நன்றாக இருக்கும், முளைக்காது.

தொழுவம் எழுதியது:

எல்லோரும் பயிரைப் பேசுகிறீர்கள். மாட்டுக்குத் தீவனம்?

வைக்கோல் எல்லாம் நனைந்து அழுகியிருக்கும், பூஞ்சை பிடித்ததைப் போட்டால் மாடு படுத்துவிடும். தீவனம் இல்லாததால் பாதி விலைக்கு விற்கிறார்கள், வாங்க வியாபாரிகள் இப்போதே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு பால்மாடு கையில் இருந்தால் அந்த வீட்டில் தினமும் கொஞ்சம் காசு புழங்கும், போய்விட்டால் மறுபடி வாங்க வருஷங்கள் ஆகும். உங்கள் பணத்தில் ஒரு பங்கை உலர்தீவனத்துக்கு வையுங்கள், தூரத்திலிருந்து வைக்கோல் கட்டு கொண்டுவர வண்டி வாடகை கொடுத்தாலே பெரிய உதவி. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ஒரு முகாம் போடுங்கள். சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும், மடிநோய் வரும். செத்த மாடுகளை யாரும் அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லுங்கள். அப்புறம் சேற்றில் இறங்கும் உங்கள் ஆட்கள் எல்லோரும் பூட்ஸ் போடுங்கள், காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஆறு பேர் பிரிந்து போய் 31 குடும்பங்களிடம் பேசினோம். நாங்கள் நினைத்ததும் அவர்கள் சொன்னதும் எவ்வளவு தூரம் என்று பார்த்து எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உரம் கேட்டவர்கள் நான்கு பேர்தான். 11 பேர் உழவுக்கூலி, 9 பேர் தீவனம், மற்றவர்கள் வாய்க்கால் என்கிறார்கள். அதில் 12 பேர் குத்தகைக்காரர்கள், ஒருவர் பேரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒரு புதுப் பிரச்சினை. கடற்கரைப் பக்கம் ஏழு குடும்பங்களின் நிலத்தில் ஏறியது ஆற்றுநீர் இல்லை, கடல்நீர். இரண்டு நாள் நின்றிருக்கிறது. இப்போது மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், வாங்கிவிடலாமா? அங்கே கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரிக்கிறது, மோட்டார் வைத்து இறைத்து இறைத்து விடுகிறார்கள்.

களர்மண் எழுதியது:

கிணற்றை இறைப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்பது அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றைக் காலி செய்யக் காலி செய்ய அடியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மேலே ஏறும். 2004 சுனாமிக்கு அப்புறம் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்ததில் உப்பு குறையாமல் நின்ற இடங்கள் உண்டு. கிணற்றில் விழுந்த குப்பையையும் சேற்றையும் எடுங்கள், தண்ணீரை மெதுவாக ஒரு முறை எடுங்கள், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

நிலத்துக்கு வருவோம். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை மண்ணிலிருந்து வெளியேற்ற ஒரே வழி, நல்ல தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கி, கரைத்துக்கொண்டு வடிகால் வழியாக வெளியே போக வேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணை 30 சென்டிமீட்டர் தண்ணீர் கடந்து போனால் சுமார் 80 சதவீத உப்பு போய்விடும் என்பது பாசனத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. களிமண்ணில் இது மெதுவாக நடக்கும். ஆகவே முதல் வேலை வடிகால், இரண்டாவது வரப்பைக் கட்டி மழைநீரைத் தேக்கி இறக்குவது. வடிகால் அடைபட்டிருந்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் உப்பு அங்கேயேதான் நிற்கும். சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் மழை நன்றாகப் பெய்து வடிகால் இருந்த வயல்கள் சீக்கிரம் தேறின, வாய்க்கால் மண் மூடிக் கிடந்த வயல்கள் தேறவில்லை.

ஜிப்சம் உப்பைக் கரைக்காது. மண்ணோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிடும், அதுதான் அதன் வேலை, தள்ளியதையும் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வடிகால் இல்லாமல் மூட்டை மூட்டையாகப் போட்டால் காசு வீண். மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால், சொல்லும் அளவுக்குப் போடுங்கள். ஏழு குடும்பத்துக்கும் மண்ணும் தண்ணீரும் சோதிக்கச் செலவு செய்வது இப்போது நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல செலவு. கையடக்கமான உப்பு அளக்கும் கருவி ஒன்று வாங்கி ஊரிலேயே வைத்தால் மாதம் ஒரு முறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேலே பூத்திருக்கும் வெள்ளையையும் படிந்த சேற்றையும் உழுது உள்ளே தள்ளாமல் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். உப்பு கொஞ்சம் குறைந்ததும் தக்கைப்பூண்டு (மண்ணுக்கு உரமாக உழுதுவிடும் பயிர்) விதைத்துப் பூக்கும் சமயம் மடக்கி உழட்டும், அது உவரையும் தேங்கிய நீரையும் தாங்கும். பயறும் நிலக்கடலையும் இப்போதைக்கு வேண்டாம், முளைத்து நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கருகும்.

மலையடி எழுதியது:

தாமதமாக வருகிறேன், அடுத்த புயலைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இப்போது நிலத்தைச் சீர் செய்யும்போதே அதை யோசிக்காவிட்டால் பழைய மாதிரியே கட்டி, பழைய மாதிரியே இழப்போம்.

1998 இல் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவை அடித்த பிறகு ஹோண்டுராஸ், நிகரகுவா, குவாத்தமாலா மூன்று நாட்டிலும் ஒரு வேலை நடந்தது. சரிவில் கல்வரப்பு, மூடாக்கு (மண்ணை இலைதழையால் மூடி வைப்பது), ஊடுபயிர், மரம் என்று வைத்திருந்த வயல்களையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே வழக்கமாகப் பயிர் செய்த வயல்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். அளந்தவர்கள் விவசாயிகளே. முதல் வகை வயல்களில் மேல்மண் 20 முதல் 40 சதவீதம் அதிகமாக மிஞ்சியிருந்தது, ஈரமும் அதிகம், அரிப்பு குறைவு. எரிக் ஹோல்ட் ஹிமேனஸ் என்ற ஆய்வாளர் இதை 2002 இல் வெளியிட்டார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அளவு நாடாவை விவசாயி கையில் கொடுத்ததுதான். பக்கத்து வயல்காரன் கண்ணால் பார்த்து நம்புவான், நாம் போய்ச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவான்.

உங்கள் ஊரிலும் அதைச் செய்யலாம். இந்த வெள்ளத்தில் எந்த வயல் குறைவாகப் பாதிக்கப்பட்டது, ஏன்? கரை பலமாக இருந்ததா, வேலியில் மரம் இருந்ததா, ரகம் வேறா? மறந்துபோவதற்கு முன் எழுதி வையுங்கள்.

ரகம் என்றதும் ஒன்று. முழுகினால் தாங்கும் நெல் ரகங்கள் இருக்கின்றன. ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லில் இருந்த சப்-1 என்ற மரபணுவை எடுத்து ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் சேர்த்து 2009 இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தும் மீண்டு வரும், காரணம் அது வெளியே எட்டிப் பார்க்க நீண்டு வளராமல் சத்தைச் சேமித்து அமைதியாகக் காத்திருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தேங்கும் இடத்துக்கும், பூத்த பிறகு வரும் வெள்ளத்துக்கும் அது பதில் இல்லை. முழு நிலத்திலும் போடச் சொல்லாதீர்கள், விருப்பப்பட்ட இரண்டு பேர் பள்ளத்து வயலில் ஒரு மூலையில் போட்டுப் பார்க்கட்டும்.

தென்னை விழுந்திருந்தால் தண்டுகளை அப்படியே அழுக விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், அடுத்த வருஷம் நிற்கிற மரங்களின் குருத்தைக் குடையும். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸை அடித்தபோது கோடிக்கணக்கில் தென்னை சேதமடைந்தது, சாய்ந்த தண்டுகளை அறுத்து அகற்றுவதே அங்கே தனிப் பெரும் வேலையாக இருந்தது. நெட்டை ரகத் தென்னையின் புதுக் கன்று காய்க்க 6 முதல் 8 வருஷம் ஆகும், அதுவரை இடையில் என்ன பயிர் போட்டுச் சாப்பிடுவது என்பதற்குத்தான் அந்தக் குடும்பங்களுக்கு நீங்கள் துணையாக இருக்க வேண்டும்.

ஏர்முனை எழுதியது:

மலையடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சீர் செய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு வயலையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள், காப்பீடோ நிவாரணமோ கேட்கும்போது ஆதாரம் வேண்டும். பெரியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடவே போய் வாருங்கள். இதற்குக் காசு தேவையில்லை, இதைச் செய்ய ஊரில் ஆளும் கிடையாது.

யாராவது கூட்டத்துக்கு வராமல், எதுவும் கேட்காமல் ஒதுங்கி இருந்தால் அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். உதவி பற்றிப் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். மறுபடியும் போங்கள்.

கரையோரம் எழுதியது:

குழுவில் பேசி முடித்துவிட்டோம். மொத்தமாக உரம் வாங்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. பணத்தில் பாதி இயந்திர வாடகைக்கும் உழவுக்கும், ஒரு பங்கு தீவனத்துக்கு, மிச்சம் மண் பரிசோதனைக்கும் அந்த உப்புக் கருவிக்கும். விதைச் சந்தைக்குத் தனியாகப் பணம் திரட்டுகிறோம், மேட்டு ஊர்களில் மூன்று பேர் விதைநெல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கிணறு இறைப்பதை நிறுத்தியாயிற்று. குத்தகைக்காரர்கள் 12 பேருக்கும் விண்ணப்பம் எழுதும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெரியவரிடம் இன்று காலை போனேன். இயந்திரம் கொண்டுவருகிறோம் என்றேன். அதற்கு முன்னால் ஒரு நீளக் கயிறும் இருபது முளைக்குச்சியும் வேண்டும் என்றார். பக்கத்து வயல்காரரையும் கூட வைத்துக்கொண்டு வரப்பை அளந்து நட்டுவிட வேண்டுமாம், இயந்திரம் இறங்கிய பிறகு அளந்தால் யார் மண் யார் பக்கம் போனது என்று இருவருக்கும் மனக்கசப்பு வந்துவிடும், நாற்பது வருஷப் பழக்கம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கயிற்றோடு போகிறோம். பக்கத்து வயல்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.